விசிலைப் பைக்குள் போடுங்கள்: காது கேளாத பிள்ளைகளோடு விளையாட்டுப் பயிற்சி தொடங்க ஒரு முழு வழிகாட்டி

திருகோணமலையில் ஒரு மைதானம், சனிக்கிழமை பின்னேரம், உதைபந்து நடக்கிறது, நான்தான் நடுவர். ஓஃப்சைட் ஆனது, விசில் ஊதினேன். எல்லோரும் நின்றுவிட்டார்கள், கோல்காப்பாளர் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டத் தொடங்கிவிட்டார், ஒரு பெடியன் மட்டும் விடாமல் ஓடிப்போய் பந்தை வலைக்குள் அடித்து, சட்டையைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டு மூலைக் கொடி வரை போய்த் திரும்பிப் பார்த்தான். எல்லோரும் சிரித்தார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் அவனும் சேர்ந்து சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது, ஏனென்றால் பிழை விட்டது அவன் இல்லை, நான்.

அடுத்த கிழமை வீட்டிலிருந்து ஒரு சிவப்புத் துணியைக் கம்பில் கட்டிக்கொண்டு போனேன். விசிலோடு சேர்த்துத் துணியையும் தூக்கினேன், அவன் நின்றான். ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. காது கேளாதோர் விளையாட்டில் விதிகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன, மைதான அளவு மாறாது, பந்து மாறாது, புள்ளி மாறாது. காதுக்குப் போகும் செய்தியைக் கண்ணுக்குப் போகவைத்தால் சரி. ஆனால் அதைச் செய்ய, கத்திக் கத்திப் பழகிய நாங்கள் கொஞ்சம் மாற வேண்டும். கஷ்டமான பகுதி அதுதான்.

உடற்கல்வி ஆசிரியர், கழகப் பயிற்றுநர், பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பலாமா என்று யோசிக்கும் அம்மா, யாராக இருந்தாலும் இதை வாசித்துவிட்டு வருகிற சனிக்கிழமையே தொடங்கலாம்.

முதல் படி: பிள்ளையைத் தெரிந்துகொள்ளுங்கள்

"தம்பி, இவனுக்குக் கேக்காது, நீங்கள் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டான், கோவிக்காதீங்கோ" என்று ஒரு அம்மா என்னிடம் மகனைக் கொண்டுவந்து விட்டார். "கேக்காது" என்ற அந்தச் சொல்லுக்குள் நிறைய வித்தியாசம் இருக்கிறது. ஒரு பிள்ளைக்குப் பறைச் சத்தம் கேட்கும், பேச்சுக் கேட்காது. இன்னொரு பிள்ளைக்கு ஒரு காது மட்டும் கொஞ்சம் கேட்கும். மற்றப் பிள்ளை காதுக்கருவியோடு நன்றாகவே பேசும், ஆனால் கருவியைக் கழற்றினால் ஒன்றுமில்லை. ஆகவே முதல் நாள் கேட்க வேண்டியவை இவை: எந்தக் காது நல்லது, கருவி உண்டா, சைகை தெரியுமா, உதட்டைப் பார்த்து விளங்குமா, எழுத வாசிக்க வருமா.

சைகை விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. விசேட பாடசாலைக்குப் போன பிள்ளைக்குப் பாடசாலைச் சைகை இருக்கும். கிராமத்தில் வீட்டோடு வளர்ந்த பிள்ளைக்கு வீட்டுச் சைகைதான் இருக்கும், அது அந்த வீட்டைத் தாண்டினால் விளங்காது. காது கேளாத பிள்ளைகள் இருவரைப் பக்கத்தில் நிறுத்தினால் உடனே பேசிக்கொள்வார்கள் என்று நினைக்காதீர்கள்.

அப்புறம் சமநிலை. உட்காதுதான் கேட்பதற்கும் பொறுப்பு, உடம்பு சாயாமல் நிற்பதற்கும் பொறுப்பு. அதனால் காது கேளாத பிள்ளைகளில் சிலருக்குச் சமநிலையிலும் குறை இருக்கும், மூளைக்காய்ச்சல் வந்து கேட்கும் திறன் போனவர்களிடம் இது கூடுதலாக இருக்கும். புல்லில், பக்கத்தில் ஒருவர் பிடிக்கத் தயாராக நிற்க, கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். உடனே சாய்கிறதா? பயப்படத் தேவையில்லை, சமநிலைப் பயிற்சியைக் கூட்டுங்கள், ஆனால் தண்ணீர் விஷயத்தில் இரட்டிப்புக் கவனம் வேண்டும். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

காதுக்கருவிக்கு வியர்வையும் எங்கள் உப்புக்காற்றும் ஆகாது. மூடி இறுக்கமான ஒரு சின்ன டப்பா, உள்ளே சப்பாத்துப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு, அவ்வளவுதான், விளையாட முதல் கழற்றி அதற்குள் வைக்கப் பழக்குங்கள். தலைக்குள் சத்திரசிகிச்சை செய்து பொருத்திய கருவி உள்ள பிள்ளை என்றால் தலையில் அடிபடும் விளையாட்டு, பந்தைத் தலையால் முட்டுவது உட்பட, காது வைத்தியரைக் கேட்காமல் வேண்டாம்.

இரண்டாம் படி: பந்துக்கு முன் சைகை

முதல் பயிற்சியில் பந்தை வெளியே எடுக்காதீர்கள். வட்டமாக உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு சைகைகளை முடிவு செய்யுங்கள்: நில், ஓடு, என்னைப் பார், பந்து உன்னுடையது, விடு, பின்னால் ஆள், மாற்று வீரர், தண்ணீர், வலிக்கிறது, முடிந்தது. சைகை தெரிந்த பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல் இருந்தால் அதையே எடுங்கள், நீங்கள் புதிதாகக் கண்டுபிடித்துத் திணிக்க வேண்டாம். அவர்கள் ஆளுக்கொரு பெயர்ச் சைகையும் வைத்துவிடுவார்கள். எனக்கு வைத்தது நாடியைச் சொறிவது, யோசிக்கும்போது நான் அதைச் செய்கிறேனாம். வீட்டில் விசாரித்தேன், உண்மைதான்.

எல்லாச் சைகைகளிலும் முக்கியம் "என்னைப் பார்". தூரத்தில் இருந்தால் இரண்டு கையையும் தலைக்கு மேல் அகலமாக ஆட்டுங்கள். கிட்ட என்றால் தோளில் மெதுவாகத் தட்டலாம். உள்ளரங்கில் மரத்தளம் இருந்தால் காலால் உதைத்தால் அதிர்வு போகும், விளக்கை அணைத்துப் போடலாம். கல்லோ பந்தோ எறிந்து கூப்பிடக் கூடாது. சிரிக்காதீர்கள், எறிகிறார்கள்.

இன்னொன்று, ஒருவர் பார்த்தால் பக்கத்தில் உள்ளவரைத் தொட்டுச் சொல்ல வேண்டும் என்று சங்கிலிப் பழக்கம் வையுங்கள். இரண்டு கிழமையில் இது வந்துவிடும், வந்த பிறகு கேட்கும் பிள்ளைகளைவிட வேகமாக உங்கள் முன் கூடிவிடுவார்கள்.

மூன்றாம் படி: எங்கே நிற்கிறீர்கள்?

இதைப் படித்துப் பிடித்தது இல்லை, பட்டுத்தான் பிடித்தேன். காலையில் உப்புவெளிக் கடற்கரையில் ஓட்டப் பயிற்சி, நான் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று அரைமணி நேரம் விளக்கம் கொடுக்கிறேன், ஒருவருக்கும் ஒன்றும் ஏறவில்லை. கடைசியில் ஒரு தங்கச்சி வந்து என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். சூரியன் கடலிலிருந்து எழுந்து என் தலைக்குப் பின்னால் நின்றிருக்கிறது, அவர்களுக்கு என் கையும் தெரியவில்லை, வாயும் தெரியவில்லை, ஒரு கரிய உருவம்தான் தெரிந்திருக்கிறது. கிழக்குக் கரையில் காலையில் பயிற்றுநர் கடலைப் பார்க்க வேண்டும், பிள்ளைகள் கடலுக்கு முதுகு. பின்னேரம் மைதானத்தில் அப்படியே எதிர்ப்பக்கம். வெயில் உங்கள் கண்ணில் குத்தட்டும்.

அதைவிடப் பெரிய பிழை பேசிக்கொண்டே செய்துகாட்டுவது. கேட்கும் பிள்ளை பந்தைப் பார்த்தபடி உங்கள் குரலைக் கேட்கும். காது கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் ஒரே கண்தான். உங்கள் கையைப் பார்த்தால் பந்து தப்பும், பந்தைப் பார்த்தால் விளக்கம் தப்பும். ஆகவே: சொல்லுங்கள், நிறுத்துங்கள், செய்துகாட்டுங்கள், நிறுத்துங்கள், அவர்களைச் செய்ய விடுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஓரத்தில் நின்று திருத்தம் சொல்ல முடியாது, அவர் நின்று உங்களைப் பார்க்கும் வரை காத்திருக்க வேண்டும். சின்ன வெள்ளைப் பலகை ஒன்று, அழிக்கும் பேனை ஒன்று வைத்திருங்கள். மீசையை வாய்க்கு மேல் வளர விடாதீர்கள், வெற்றிலை போட்டுக்கொண்டு பேசாதீர்கள்.

நான்காம் படி: ஒவ்வொரு விளையாட்டாக

ஓட்டத்தில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அநியாயம் அதிகம் நடப்பது அங்கேதான். துவக்குச் சத்தத்தில் ஓட்டம் தொடங்கும்போது காது கேளாத பிள்ளை என்ன செய்யும்? பக்கத்து ஓடுபாதைக்காரன் அசைவதைப் பார்த்துத்தான் அசையும். அந்த நொடியிலேயே 100 மீற்றர் போய்விட்டது. தொடக்குநரின் கையைப் பார்க்கச் சொன்னால் தலையைத் தூக்க வேண்டும், தலை தொங்கியிருந்தால்தான் குனிந்த தொடக்கம் சரியாக வரும், தூக்கினால் இடுப்பு இறங்கிவிடும், முதல் இரண்டு எட்டும் பாழ். எனவே வெளிச்சம் பிள்ளையின் கண் இருக்கும் இடத்தில், கைகளுக்குச் சற்று முன்னால், நிலத்தோடு இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டிகளில் ஒவ்வொரு ஓடுபாதையிலும் சின்ன விளக்கு வைப்பார்கள்: சிவப்பு எரிந்தால் இடத்தில் இருங்கள், மஞ்சள் எரிந்தால் ஆயத்தம், பச்சை எரிந்தால் ஓடு.

நாங்கள் செய்தது இப்படி. மோட்டார்சைக்கிள் பற்றரி ஒன்று, பச்சை எல்ஈடி பல்ப் எட்டு, நீளமான வயர், ஒரே ஒரு சுவிட்ச், மின்வேலை தெரிந்த அண்ணா ஒருவரின் ஒரு பின்னேரம். முதல் நாள் எங்கள் வெயிலில் பல்ப் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிறகு எஸ்லோன் பைப்பை ஒரு சாண் துண்டுகளாக வெட்டி, உள்ளே கறுப்புப் பெயின்ற் அடித்து, ஒவ்வொரு பல்பையும் ஒரு துண்டுக்குள் வைத்துப் படுக்கப் போட்டோம். குகைக்குள் விளக்குப் போல, கறுப்புக்குள் பச்சை நன்றாகத் தெரிந்தது. சிவப்பும் மஞ்சளும் போடக் காசில்லை, அந்த இரண்டுக்கும் கொடிதான். ஓடு என்பதற்கு மட்டும் விளக்கு.

கேட்கும் பிள்ளைகளும் சேர்ந்து ஓடினால் எல்லோருக்கும் வெளிச்சத்தையே கொடுங்கள். மனிதர் ஒலிக்கு அசைவதைவிட ஒளிக்கு அசைவது கொஞ்சம் பிந்தும், ஒரு செக்கனின் நூறில் சில பங்குதான், ஆனால் 100 மீற்றரில் அதுவே இடத்தை மாற்றும். சத்தமும் அப்படி ஒன்றும் நியாயமானது இல்லை: ஓடுபாதை ஒன்று 1.22 மீற்றர், தொடக்குநர் உள்பக்கம் நின்றால் எட்டாவது பாதைக்குச் சத்தம் கிட்டத்தட்ட 0.03 செக்கன் பிந்தித்தான் போகும். அதனால்தான் பெரிய போட்டிகளில் ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒலிபெருக்கி வைக்கிறார்கள். அவர்கள் தங்களுக்கு வசதி செய்துகொண்டால் அது ஒழுங்கு, எங்கள் பிள்ளைக்கு ஒரு விளக்குக் கேட்டால் அது சலுகையா?

பிழைத்தொடக்கத்தை மறக்காதீர்கள். திருப்பி அழைக்கும் சத்தம் கேட்காமல் பிள்ளை 100 மீற்றரையும் முழுதாக ஓடி முடித்துவிட்டு மூச்சிரைக்க நிற்கும். 30 மீற்றரில் ஓரத்தில் ஒருவர் கொடியோடு நின்று, பிழை என்றால் பாதைக்குள் கொடியை நீட்ட வேண்டும். அஞ்சலோட்டத்தில் "கை!" என்று கத்த முடியாது, ஆகவே பாதையில் ஒட்டுநாடா அடையாளம், அடையாளம் தாண்டியதும் புறப்படு, இத்தனையாவது எட்டில் கையைப் பின்னால் நீட்டு. எண்ணி எண்ணிப் பழகினால் கேட்கும் அணியைவிடச் சுத்தமாக மாற்றுவார்கள்.

உதைபந்தில் வேலை சுலபம். காது கேளாதோர் உதைபந்தில் நடு நடுவரும் கொடி வைத்திருப்பார், விசிலோடு கொடியும் எழும். ஒருவர் நின்றால் மற்றவரும் நிற்க வேண்டும் என்று பழக்குங்கள். கோல்காப்பாளர் பின்னாலிருந்து கத்தி ஒழுங்குபடுத்த முடியாது என்பதால் பந்து வெளியே போகும் ஒவ்வொரு முறையும் பின்வரிசை அவரைத் திரும்பிப் பார்க்க வேண்டும், இதைத் தண்டனை வைத்தாவது பழக்கலாம். இன்னொரு காது கேளாதோர் அணியோடு மோதும்போது உங்கள் திட்டம் முழுவதும் அவர்களுக்குத் தெரியும், சைகையை மைதானத்தின் அந்தப் பக்கத்திலிருந்தே வாசிப்பார்கள். 1890களில் வாஷிங்டனிலுள்ள கல்லோடெட் கல்லூரியின் காது கேளாத அமெரிக்கன் ஃபுட்போல் வீரர்கள் இதற்காகத்தான் வட்டமாகத் தலையைச் சேர்த்து நின்று சைகையை மறைத்தார்கள் என்று சொல்வார்கள். இன்று எல்லா அணியும் தோளில் கைபோட்டு வட்டமாக நிற்கிறதே, அந்தப் பழக்கம் அங்கிருந்து வந்தது என்பதுதான் கதை.

கரப்பந்து 1991 முதல் எங்கள் தேசிய விளையாட்டு, ஊருக்கு ஊர் வலை இருக்கிறது, தொடங்க மிக நல்லது. நடுவர் விசிலோடு வலையைப் பிடித்து ஆட்டினால் இரண்டு பக்கமும் பார்க்கும். இருவருக்கு நடுவில் விழும் பந்துதான் தலையிடி, "என்னுடையது" என்று கத்த முடியாது. கண்டிப்பான எல்லை போடுங்கள்: இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம் நீ, சந்தேகம் என்றால் முன்னால் வருபவருக்கே பந்து.

கிரிக்கெட்டில் உயரப் போகும் பந்தைப் பிடிக்கவும் அதே விதிதான், இல்லாவிட்டால் இரண்டு தலை மோதும். ஓட்டம் எடுக்கும்போது முன்னங்கை நீட்டினால் வா, உள்ளங்கையை மடக்காமல் காட்டினால் நில், முடிவு எப்போதும் பந்தைப் பார்க்கக்கூடிய துடுப்பாட்டக்காரருடையது. ஓடும் வழியில் ஒவ்வொரு முறையும் கண்ணைக் கண் சந்திக்க வேண்டும். நடுவர் நோபோல் என்று வாயால் சொல்வது துடுப்பாட்டக்காரருக்குப் போகாது, கையை உடனே நீட்டச் சொல்லுங்கள், அதற்கு மேல் செய்ய ஒன்றுமில்லை. இந்த விளையாட்டில் எங்கள் நாடு சின்னதும் இல்லை, 2018 இல் இந்தியாவில் நடந்த காது கேளாதோர் ரி20 உலகக் கிண்ணத்தை இலங்கை அணி வென்றது, இறுதியில் தோற்றது இந்தியா.

கபடியில் சிக்கல் வேறு, பாடிப்போவது. குரல் வராத பிள்ளை மூச்சுப் பிடித்திருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? பாட்டை விட்டுவிடுங்கள். நவீன கபடியில் ஒரு பாடிப்போகைக்கு 30 செக்கன் எல்லை இருக்கிறது, அதை மட்டும் வைத்து, கடைசி ஐந்து செக்கனை ஓரத்தில் ஒருவர் விரலால் காட்டட்டும்.

பூப்பந்தாட்டத்தில் மாற்ற ஏறக்குறைய எதுவுமே இல்லை. பந்து மட்டையில் படும் சத்தத்தை வைத்து அடியின் வேகத்தைக் கணிக்க முடியாது, அதனால் எதிராளியின் மணிக்கட்டைப் பார்க்கப் பழக்குங்கள். இரட்டையரில் பின்னால் நிற்பவர் எங்கே என்று முன்னால் நிற்பவருக்குத் தெரியாது, இடத்தை முன்கூட்டியே பிரித்துவிடுங்கள். மதுரையைச் சேர்ந்த ஜெர்லின் அனிகா பிரேசிலில் 2022 இல் நடந்த காது கேளாதோர் ஒலிம்பிக்கில் பூப்பந்தில் மூன்று தங்கம் எடுத்தார், அந்தப் பிள்ளையின் ஆட்டத்தின் காணொளியைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுங்கள். நான் போட்ட அன்று யாரும் தண்ணீர் குடிக்கக்கூட எழும்பவில்லை.

ஐந்தாம் படி: கடலும் இடியும்

நீச்சலுக்குப் புறப்பாட்டு விளக்கு இருந்தால் போதும் என்று நினைப்பார்கள். தென்னாபிரிக்காவின் ரெரன்ஸ் பார்க்கின் காது கேளாதவர், 2000 சிட்னி ஒலிம்பிக்கில், கேட்பவர்களோடு போட்டியிட்டு, 200 மீற்றர் மார்பு நீச்சலில் வெள்ளி எடுத்தவர், அவருக்கும் விளக்குத்தான். ஆனால் எங்களிடம் இருப்பது கடல். சமநிலைக் குறை உள்ள பிள்ளை கலங்கிய தண்ணீருக்குள் கண் தெரியாமல் போனால் எது மேல், எது கீழ் என்று குழம்பும். ஆகவே தெளிந்த தண்ணீர், நெஞ்சளவு ஆழம், எப்போதும் இருவர் இருவராக. கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கும் காலத்தில் வேண்டவே வேண்டாம். உயிர்காப்பாளர் விசில் ஊதுவார், அது வேலை செய்யாது, கரையில் உயரமான கம்பில் சிவப்புக் கொடி ஏற்றி, ஒவ்வொரு இருபது எண்ணிக்கைக்கும் ஒருமுறை கரையைப் பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். பார்க்க மறந்தவர் அன்றைக்குக் கரையில்.

இடி. மழைக்காலத்துக்கு முன் பின்னேரங்களில் திடீரென்று இடிக்கும், அவர்களுக்குக் கேட்காது, முதுகுப் பக்கம் மின்னினால் தெரியாது. வானத்தைப் பார்ப்பது உங்கள் வேலை. அடிபட்டு விழுந்தவர் கத்திக் கூப்பிட மாட்டார், அதனால் விழுந்தவரைக் கண்ட முதல் ஆள் கையைத் தூக்கி அப்படியே வைத்திருக்க வேண்டும், ஆட்டம் நிற்கும் வரை. பயிற்சி முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில், பின்னால் வரும் பஸ் ஹோர்ன் அடிக்கும், அதுவும் கேட்காது. சைக்கிளுக்குப் பக்கக் கண்ணாடி போட்டுக் கொடுங்கள்.

ஆறாம் படி: மற்ற அணியோடு மோத முன்

போட்டி நாள் காலையில் நடுவரிடம் போய்ச் சொல்ல வேண்டாம், அன்று அவருக்குத் தலைக்கு மேல் வேலை. ஒரு கிழமைக்கு முன் ஒரு பக்கக் கடிதம்: எங்கள் அணியில் இத்தனை பேர் காது கேளாதவர்கள், விசிலோடு கொடியும் தூக்குங்கள், கொடியை நாங்களே கொண்டுவருகிறோம், அட்டை காட்டுவதற்கு முன் தலைவரை அழைத்துக் காட்டுங்கள். ஒருமுறை ஒரு நடுவர், "விசிலுக்கு நிற்காதவனுக்கு மஞ்சள் அட்டைதான்" என்று பிடிவாதமாக நின்றார். வாதாடிப் பயனில்லை. மற்ற அணித் தலைவர் தன் கைக்குட்டையைத் தானே எடுத்து ஆட்டத் தொடங்கினார், அரைநேரத்துக்குள் நடுவர் பக்கத்து உதவியாளரிடம் கொடியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

மேலே போக விரும்பினால்

காது கேளாதோர் ஒலிம்பிக் 1924 இல் பாரிஸில் 9 நாடுகளோடு தொடங்கியது, பராலிம்பிக்கைவிட 36 வருடம் மூத்தது, அதோடு சேராமல் தனியாகவே நடக்கிறது. கடைசியாக 2025 நவம்பரில் டோக்கியோவில் நடந்தது. கலந்துகொள்ள நல்ல காதில் 55 டெசிபலுக்குக் குறையாத கேள்விக் குறைவு இருக்க வேண்டும், 500, 1000, 2000 ஹேர்ட்ஸ் மூன்றிலும் பார்த்துச் சராசரி எடுப்பார்கள். போட்டியில் காதுக்கருவி போடக் கூடாது, எல்லோரும் ஒரே அமைதியில் நிற்க வேண்டும் என்பதற்காக. எனவே கருவியோடு மட்டுமே பழகிய பிள்ளை போட்டி நாளில் திணறும், கிழமைக்கு ஒரு பயிற்சியாவது கழற்றிவிட்டுச் செய்யட்டும். வைத்தியசாலையில் எடுத்த கேள்விப் பரிசோதனை அறிக்கையைப் பிரதி எடுத்துப் பிளாஸ்ரிக் உறைக்குள் போட்டு வையுங்கள், தெரிவுக்குக் கேட்கும்போது இரண்டு நாளில் தேடி எடுக்க முடியாது.

என் பையில் இப்போது இருப்பவை: இரண்டு கொடி, வெள்ளைப் பலகை, ஒட்டுநாடா, ரோர்ச் லைட், ஈரம் உறிஞ்சும் பொட்டலம் போட்ட டப்பா, முதலுதவிப் பெட்டி. விசிலும் இருக்கிறது. கோட்டைப் பக்கத்து மான்கள் பின்னேரத்தில் புல் மேய மைதானத்துக்குள் வந்துவிட்டால் அதை எடுத்து ஊதுவேன், அவை நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.